வளர்ந்தவர்களும் வளர்த்தவர்களும்

கிள்ளானில் என் சனிக்கிழமை வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் ஒரே வேலைதான். உன்னைப் பற்றிப் பத்து வரி ஆங்கிலத்தில் எழுது. அகராதி பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம், அழித்து எழுதலாம். அந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரி உட்கார்ந்து படிப்பேன். பாடநூல் மாறியிருக்கிறது, தேர்வு மாறியிருக்கிறது, பிள்ளைகள் கையில் இருந்த அகராதி போய்க் கைப்பேசி வந்துவிட்டது. ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் ஏதாவது ஒரு தாளில் வந்துவிடும்: ‘மை கிராண்ட்மதர் க்ரூ மீ அப்.’ கொஞ்சம் இலக்கணம் படித்த பிள்ளையாக இருந்தால் அதையே செயப்பாட்டு வினையாக்கி, ‘ஐ வாஸ் க்ரோன் அப் பை மை கிராண்ட்மதர்’ என்று எழுதியிருக்கும்.

இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. பிள்ளை சொல்ல வந்ததில் ஒரு குழப்பமும் இல்லை. பாட்டிதான் என்னை வளர்த்தாங்க. தமிழில் நாம் பயிர் வளர்க்கிறோம், ஆடு மாடு வளர்க்கிறோம், தாடி வளர்க்கிறோம், பிள்ளையும் வளர்க்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே வினை. ஆங்கிலத்தில் பயிருக்கும் தாடிக்கும்தான் க்ரோ. ஆடு மாட்டுக்கு ரேஸ், ரியர், கீப் என்று வேறு வேறு வினைகள். பிள்ளை என்று வந்துவிட்டால் ப்ரிங் அப், இல்லாவிட்டால் ரேஸ். பிள்ளையை யாரும் ‘க்ரோ’ பண்ண முடியாது. பிள்ளை தானாகவே ‘க்ரோ அப்’ ஆக வேண்டும்; அந்த வினைக்குச் செயப்படுபொருளே கிடையாது.

மலேசியாவில் இந்தப் பிழைக்கு இன்னொரு வேரும் இருக்கிறது. மலாய்க் கட்டுரையில் ஆரம்பப் பள்ளியிலேயே மனப்பாடமாகிவிடும் வாக்கியம்: ‘சாயா டிலாஹிர்கான் டான் டிபெசார்கான் டி கிளாங்.’ கிள்ளானில் பிறந்தேன், வளர்க்கப்பட்டேன் என்று பொருள். டிலாஹிர்கானுக்கு ‘வாஸ் போர்ன்’ சரியாகப் பொருந்திவிடுகிறது. அதே சூட்டில் டிபெசார்கானுக்கு ‘வாஸ் க்ரோன் அப்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் ‘க்ரோன் அப்’ என்பது வயது வந்தவரைக் குறிக்கும் பெயரடை. ‘ஐ வாஸ் க்ரோன் அப் இன் கிளாங்’ என்றால் கேட்பவர் காதில், கிள்ளானில் இருந்தபோது நான் வயது வந்த ஆள் என்று விழும். பிறந்து வளர்ந்த ஊரைச் சொல்ல வந்த பிள்ளை தன் குழந்தைப் பருவத்தையே அந்த வாக்கியத்தில் தொலைத்துவிடுகிறது.

இதைத் திருத்த நான் ஆங்கிலத்தில் தொடங்குவதில்லை. பலகையில் நடுக்கோடு போட்டு இடது பக்கம் ‘வளர்ந்தேன்’, வலது பக்கம் ‘வளர்த்தார்’ என்று எழுதுவேன். அடியில் சேர்ந்தேன், சேர்த்தார். திருந்தினேன், திருத்தினார். பிறகு பேசாமல் நிற்பேன். பெரும்பாலும் பின்வரிசையில் இருந்துதான் முதல் குரல் வரும். “டீச்சர், இந்தப் பக்கம் தானா நடக்குது. அந்தப் பக்கம் வேற ஆள் செய்யுறாங்க.” அவ்வளவுதான் பாடம். ‘ந்த்’ வருகிற இடத்தில் செயல் தன்னோடு நிற்கிறது, ‘த்த்’ வருகிற இடத்தில் பின்னால் ஒருவர் நிற்கிறார். இதைத் தன்வினை பிறவினை என்று தமிழாசிரியர் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருப்பார். சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே, நாலு வயதிலேயே, இந்தப் பிள்ளைகள் இதைப் பிழையில்லாமல் பேசியவர்கள். ‘செடி வளத்துச்சு’ என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்லி நான் கேட்டதில்லை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் ‘வளர்’ என்பதை இரண்டு தனித்தனி வினையாகப் பிரித்துத்தான் தருகிறது. ‘வளர்ந்து’ ஒன்று, ‘வளர்த்து’ இன்னொன்று.

அதற்குப் பிறகு ஆங்கிலம் சுலபம். வளர்ந்தேன் என்றால் க்ரூ அப். வளர்த்தார் என்றால் ப்ராட் அப். தமிழ் ஒரு மெய்யெழுத்தில் காட்டும் வேறுபாட்டை ஆங்கிலம் வேறொரு வினையை எடுத்துக் காட்டுகிறது. வகுப்பில் பாதிப் பேர் அன்றைக்கே பிடித்துக்கொள்வார்கள்.

காப்பாரில் இருந்து வந்துகொண்டிருந்த ஒரு மூன்றாம் படிவ மாணவியிடம் இரண்டு வாக்கியங்களையும் எழுதிக் காட்டி, உனக்கு எது வேண்டும் என்று கேட்டேன். ‘ஐ வாஸ் ப்ராட் அப் பை மை கிராண்ட்மதர்’, ‘ஐ க்ரூ அப் வித் மை கிராண்ட்மதர்.’ இரண்டிலும் பிழை இல்லை. அவள் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ரெண்டாவதுல பாட்டி சும்மா வீட்டுல கூட இருந்த மாதிரி இருக்கு டீச்சர். அவங்க காலையில நாலு மணிக்கு எழுந்து நாசி லெமாக் கட்டி வித்தாங்க” என்றாள். முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொண்டாள். இரண்டு வினைகளுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சரியாகச் சொல்லும் இலக்கண நூல் எதையும் நான் படித்ததில்லை.

இந்தப் பக்கத்துத் தாள்களில் பாட்டிகள் இத்தனை பேர் வருவது தற்செயல் இல்லை. கிள்ளானைச் சுற்றி இருந்த ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, தோட்டத்தில் இருந்து வெளியே வந்தவர்கள் ஷா ஆலாமிலும் போர்ட் கிள்ளானிலும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். அப்பாவும் அம்மாவும் மாறி மாறி ஷிப்டு. வீட்டில் பிள்ளையோடு இருந்தவர், பால் வெட்டிக் காய்த்துப்போன கையோடு அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்த பாட்டி. அந்தப் பாட்டிகள் படித்தது தோட்டப் பள்ளியில். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பெயருக்குப் பள்ளிகள் வந்தன. 1941இல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வோடும் கள்ளுக்கடையை மூடுவதோடும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி என்பதும் ஒன்றாக இருந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் எட்டாத தூரத்தில், பட்டணத்துப் பள்ளியில் இருந்தது. அந்தப் பாட்டிகளின் பேரப்பிள்ளைகள்தான் என் முன்னால் உட்கார்ந்து அவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப் பார்க்கிறார்கள். அந்த வாக்கியம் சரியாக வந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

‘அப்’ என்கிற அந்தச் சின்னச் சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘வென் ஐ க்ரோ, ஐ வான்ட் டு பி எ டாக்டர்’ என்று எழுதுகிறவர்கள் நிறைய. அப் விட்டுப்போயிருக்கும். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் என்று ஆனபோது முதலாம் ஆண்டில் இருந்த பிள்ளைகள் பின்னாளில் என்னிடம் வந்தார்கள். அவர்களுக்கு க்ரோ என்கிற சொல் அறிமுகமானதே பஞ்சில் பச்சைப்பயறு முளைக்க வைத்த பாடத்தில். பயறு க்ரோ ஆகும். நானும் க்ரோ ஆவேன். பிறகு எதற்கு அப்?

இங்கேயும் தமிழ்தான் கைகொடுக்கிறது. ‘சாப்பிட்டான்’ என்பதற்கும் ‘சாப்பிட்டுவிட்டான்’ என்பதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்பேன். தட்டு காலியாயிடுச்சு டீச்சர் என்பார்கள். அந்த ‘விடு’ செய்கிற வேலையை ஆங்கிலத்தில் பல இடங்களில் அப் செய்கிறது. ஈட் அப், ட்ரிங்க் அப், ஃபினிஷ் அப். க்ரோ என்றால் வளர்வது. க்ரோ அப் என்றால் வளர்ந்து ஆளாகிவிடுவது. பயறு எவ்வளவு வளர்ந்தாலும் ஆளாவதில்லை, அதனால் அதற்கு அப் வேண்டாம். எல்லா அப்புக்கும் இது பொருந்தாது, கிவ் அப் போன்றவற்றுக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும். ஆனால் நம் துணைவினைகளும் இந்தச் சிறு சொற்களும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன என்கிற எண்ணம் பிள்ளைக்கு வந்துவிட்டால் பயம் போய்விடும். வளர்ந்து வருகிறது, வளர்ந்துவிட்டது, வளர்த்துக்கொண்டான், வளர்த்துவிட்டார். நாம் இரண்டாவது வினையைக் கொண்டு செய்வதை அவர்கள் ஒரு சின்ன இடைச்சொல்லைக் கொண்டு செய்கிறார்கள். இதற்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர் வந்ததுகூட நேற்றைய கதைதான். 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் தன் புத்தகத்தில் அந்தப் பெயரை அச்சில் போட்டார்; பெயரைத் தந்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஹென்றி பிராட்லி. பெயர் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இங்கிலாந்துக்காரர்கள் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

க்ரோ அப்புக்குத் தமிழ் சொல்லச் சொன்னால் ஒரு எச்சரிக்கை வேண்டும். பையன்கள் ‘பெரியவனாயிட்டான்’ என்பார்கள், அதில் தொல்லை இல்லை. அதையே ஒரு பெண் பிள்ளைக்குச் சொல்லப்போனால் வகுப்பு முழுக்கத் தலையைக் குனிந்து சிரிக்கும். ‘பெரிய பிள்ளையாயிட்டா’ என்றால் வீட்டில் சடங்கு என்று அர்த்தம். அதனால் நான் ‘வளர்ந்துவிட்டாள்’, ‘தலையெடுத்துவிட்டாள்’ என்று சொல்லிக் கொடுப்பேன். படிக்க வைத்து ஆளாக்கினார் என்று சொன்னால் ப்ரிங் அப்பும் அங்கேயே வந்துவிடுகிறது. ஏவலாக வரும் க்ரோ அப் வேறு. பெரியவர்கள் பெரியவர்களைப் பார்த்துச் சொல்வது. ‘சின்னப் பிள்ளையாட்டம் பண்ணாத’ என்பதுதான் அதற்குச் சரியான தமிழ்.

வார நாள்களில் மாலை வகுப்பு பிரிக்ஃபீல்ட்ஸில். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்து போகிற தூரம்தான். ஆனால் இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு நூற்றாண்டு வரலாறு கிடக்கிறது. செங்கல் சூளைகள் இருந்த இடத்தில் ரயில்வே வந்து, ரயில்வேயோடு யாழ்ப்பாணத்தில் இருந்து ஆங்கிலம் படித்த குமாஸ்தாக்களும் நிலைய அதிகாரிகளும் வந்து குடியேறிய இடம் இது. ஸ்காட் ரோட்டுக் கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியது. கிள்ளான் தோட்டத்தில் தமிழ் மட்டும் தெரிந்த கூலித் தமிழர், பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் ஆங்கிலம் தெரிந்த உத்தியோகத் தமிழர். இன்றைக்கு அந்தக் கோடு பெரிதும் அழிந்துவிட்டது. ஆனாலும் வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் தமிழ்ப் பிள்ளைகள் எனக்கு அதிகம் வருவது இங்கேதான்.

அப்படிப்பட்ட ஒரு நான்காம் படிவ மாணவன், ஆங்கிலத்தில் சக்கைப்போடு போடுகிறவன், எஸ்.பி.எம். தேர்வில் தமிழும் எடுக்க ஆசைப்பட்டான். அவனிடமும் அதே பத்து வரியைத் தமிழில் கேட்டேன். எழுதினான்: ‘அம்மம்மா என்னை வளர்ந்தார்.’ கிள்ளான் பிள்ளைகளின் பிழை அப்படியே கண்ணாடியில் தெரிந்த மாதிரி இருந்தது. அங்கே வளர்ந்தேன், வளர்த்தார் இரண்டும் கைவசம் இருக்கிறது, க்ரூ அப், ப்ராட் அப் இல்லை. இங்கே ஆங்கிலம் இரண்டும் இருக்கிறது, தமிழ் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. அவனுக்குப் பலகையின் வலது பக்கத்தில் இருந்து தொடங்கினேன். ப்ராட் அப் என்று சொல்கிற இடத்தில் எல்லாம் ‘த்த்’ போடு. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மம்மா பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறான். மறுவாரம் வந்து, அம்மம்மா ஒரே மூச்சில் ‘நான் வளர்த்த பிள்ளை வளர்ந்திட்டான்’ என்று சொன்னதாகவும், இரண்டும் தனித்தனியாகக் காதில் விழுந்ததாகவும் சொன்னான்.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் இருபது காசு அபராதம் என்று வைத்திருந்த பள்ளி ஒன்றை எனக்குத் தெரியும். நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். என் பிள்ளைகள் சிலர் அந்த உண்டியலில் காசு போட்டவர்கள். அவர்கள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டிருந்தார்கள், ஏனென்றால் கேள்வி முதலில் தமிழில்தான் தோன்றும். தமிழை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்லும் ஆசிரியர், பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கணம் முழுவதையும் வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, என்றைக்கும் இருந்ததும் இல்லை.

க்ரோ என்கிற வினையோடு ‘அவுட் ஆஃப்’ சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எனக்குப் பாடமாக்கியவர் ஒரு தாய். அவருடைய மூத்த மகள் என் மாணவி. ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகும் போகாமல் நின்றார். இடுப்பில் இரண்டு வயதுப் பையன். முந்தின வாரம் அவனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்து மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மருந்து கொடுத்து, பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் மருத்துவர் கடைசியாகச் சொன்ன ஒரு வாக்கியம் அந்தத் தாயைத் தூங்கவிடவில்லை. “டீச்சர், ‘க்ரோ’ன்னு சொன்னாங்க, ‘அவுட்’னு சொன்னாங்க. உள்ள ஏதாச்சும் கட்டி வளருதா? வெளிய வரும்னு சொல்றாங்களா?”

‘ஹீ வில் க்ரோ அவுட் ஆஃப் இட்’ என்றுதான் அவர் சொல்லியிருக்க வேண்டும். அதைவிட ஆறுதலான வாக்கியம் அந்த இடத்தில் வேறு இல்லை. காய்ச்சல் வலிப்பு ஆறு மாதத்தில் இருந்து ஐந்தாறு வயதுவரை சில குழந்தைகளுக்கு வரும், பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். அவன் வளர்ந்து அதைத் தாண்டிப் போய்விடுவான் என்று மருத்துவர் சொன்னார். அந்த வாக்கியத்தில் இருந்த எல்லாச் சொற்களும் அந்தத் தாய்க்குத் தெரிந்தவை. க்ரோ தெரியும், அவுட் தெரியும், இட் தெரியும். தெரிந்ததனால்தான் பயந்தார். தெரியாத சொல்லாக இருந்திருந்தால் அங்கேயே கேட்டிருப்பார்.

“வளர வளரச் சரியாயிடும்னு சொல்லியிருக்காங்கம்மா” என்றேன். அவ்வளவுதான். “இதத்தானே எங்க மாமியாரும் சொன்னாங்க” என்று சொல்லிவிட்டுப் பையன் தலையைத் தடவினார். ‘சந்தேகம் இருந்தால் அடுத்த முறை போகும்போது மலாயிலேயே கேளுங்கள், சொல்வார்கள்’ என்றும் சொல்லி அனுப்பினேன். அன்றிலிருந்து க்ரோ அவுட் ஆஃப் பாடத்தை நான் பெற்றோருக்கும் நடத்துகிறேன். விரல் சப்புவது, படுக்கையை நனைப்பது, திக்கல், இருட்டுக்குப் பயம். குழந்தை வளர்ந்து விட்டுவிடுகிற எல்லாவற்றுக்கும் மருத்துவரும் செவிலியரும் இதைத்தான் சொல்வார்கள். ‘வளர வளர’ என்று நாம் இரட்டித்துச் சொல்வது அதற்கு மிக நெருக்கமானது.

சட்டைக்கும் அதே தொடர் உண்டு. பள்ளி திறப்பதற்கு முன்பு சீருடைக் கடையில் கேட்கிற பேச்சு முழுவதையும் இரண்டு தொடர்களில் அடக்கிவிடலாம். போன வருஷத்துச் சட்டை க்ரோ அவுட் ஆஃப், சின்னதாகிவிட்டது. ‘வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெருசா எடு’ என்பது க்ரோ இன்டூ. முதலாம் படிவத்துக்குப் போகிற பையனின் பச்சைக் காற்சட்டை காலணியை மூடிக்கொண்டு நிற்கும், மூன்றாம் படிவத்தில் கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்கும். இதைச் சொன்னால் போதும், வேறு விளக்கம் தேவைப்பட்டதில்லை. க்ரோ பேக் இன்னும் சுலபம். பத்து மலைக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்த பிள்ளை ஒன்று எந்த வகுப்பிலும் இருக்கும்.

க்ரோ அபார்ட் மட்டும் எனக்கு ஒவ்வொரு முறையும் கடினமாக இருக்கிறது. சொல் கடினம் இல்லை.

ஒரு பையன் தன் நண்பனைப் பற்றி எழுதியிருந்தான். ஆறு வருஷம் ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே மேசை. கடைசி வரியில் ‘வி ப்ரோக் அப்’ என்று இருந்தது. பிரிஞ்சிட்டோம் என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள், காதலர்களுக்குச் சொல்வதாயிற்றே. நடந்தது இது. ஆறாம் ஆண்டு முடிவில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலம். தமிழ்ப்பள்ளியில் இருந்தும் சீனப்பள்ளியில் இருந்தும் வருகிறவர்கள் மலாய்மொழித் தாளில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெறாவிட்டால் இடைநிலைப்பள்ளியில் நேராக முதலாம் படிவத்துக்குப் போக முடியாது, புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார வேண்டும். பெராலிஹான் என்பார்கள், பழைய ஆள்கள் இன்னும் ரிமூவ் கிளாஸ் என்றுதான் சொல்வார்கள். நண்பன் முதலாம் படிவத்துக்குப் போய்விட்டான். இவன் புகுமுக வகுப்புக்கு. ஒரே பள்ளி வளாகம்தான். முதல் மாதம் ஓய்வு நேரத்தில் கேண்டீனில் சேர்ந்து சாப்பிட்டார்கள். அப்புறம் அவனுக்கு அவன் வகுப்புக் கூட்டம், இவனுக்கு இவன் கூட்டம். அடுத்த வருஷம் இவன் முதலாம் படிவத்துக்கு வந்தபோது அவன் இரண்டாம் படிவம். சண்டையே போடவில்லை என்று எழுதியிருந்தான். ‘நோ ஃபைட், நோ எனிதிங்.’

ப்ரோக் அப்பை அடித்துவிட்டு ‘வி க்ரூ அபார்ட்’ என்று எழுதிக் கொடுத்தேன். யார் மேலும் குற்றம் இல்லாமல், இரண்டு பேரும் வளர்ந்துகொண்டே விலகிப் போவதைச் சொல்கிற தொடர் இது என்று விளக்கினேன். தமிழில் விலகிப் போயிட்டோம், ஆளுக்கொரு திசையாயிட்டோம் என்று சொல்லலாம். அவன் அந்த வாக்கியத்தை நோட்டில் இரண்டு முறை எழுதிக்கொண்டான். யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. புகுமுக வகுப்பு போகவில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு மொழித்தாளை வைத்து நண்பர்களை இரண்டு வரிசையாகப் பிரிக்கிற ஏற்பாட்டை என்னால் ஒருபோதும் ஏற்க முடிந்ததில்லை. மலாயில் பின்தங்கிய பிள்ளையை நாலாம் ஆண்டிலேயே கண்டுபிடித்துக் கைகொடுக்க முடியும், அதற்கு ஒரு வருஷத்தை அபராதமாக வாங்க வேண்டியதில்லை.

2017 முதல் ஐரோப்பியத் தர அளவை ஒட்டி ஆங்கிலப் பாடத்திட்டம் மாறி, முதலாம் ஆண்டுக்கு கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ‘சூப்பர் மைண்ட்ஸ்’ வந்தது. இங்கிலாந்துப் பிள்ளைகளின் வாழ்க்கை நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று நிறையப் பேர் கோபப்பட்டார்கள், அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான்: தொடர்கள் பேச்சுக்குள் வந்தன. அதற்கு முன்பு டியூஷன் நிலையங்களில் நூறு ஃப்ரேசல் வெர்ப் என்று அகரவரிசையில் அச்சடித்துக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்வார்கள். க்ரோ அபார்ட்டில் இருந்து க்ரோ அப் வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லும் பிள்ளை, பாட்டியைப் பற்றி எழுதும்போது பழையபடி ‘க்ரூ மீ அப்’ என்றுதான் எழுதும். எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் இப்போது பேச்சுத் தேர்வும் சேர்ந்திருக்கிறது. முதல் பகுதியில் உன்னைப் பற்றித்தான் கேட்பார்கள். பட்டியல் அங்கே உதவாது.

பிரிக்ஃபீல்ட்ஸ் மாலை வகுப்பில் தமிழ்நாட்டில் இருந்து உணவக வேலைக்கு வந்த தம்பிகளும் சிலர் உண்டு. அதில் ஒருவர் டுரியான் வாடைக்கே ஓடியவர், பிறகு பருவம் வந்தால் முதல் ஆளாக நிற்கத் தொடங்கிவிட்டார். ‘ஐ க்ரூ ஆன் டுரியான்’ என்று எழுதினார். க்ரோ ஆனில் வளர்வது டுரியான், நாம் இல்லை. ‘டுரியான் க்ரூ ஆன் மீ.’ அவருக்குப் புரிய வைத்தது ‘எனக்கு’ என்கிற சொல். எனக்குப் பிடித்தது என்று சொல்லும்போது தமிழிலும் ‘நான்’ எழுவாயாக வருவதில்லை, ‘எனக்கு’தான் வருகிறது. சாப்பிடச் சாப்பிடப் பிடித்துப்போனது. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று நம் பழமொழி எதிர்ப்பக்கம் போவதை அவரே சொல்லிக் காட்டினார்.

கடைசியாகக் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா. என்னைவிட மூத்தவர், அதனால் வகுப்பில் நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு ஹோட்டலின் கல்யாண மண்டபத்துக்கு மாலையும் அலங்காரமும் செய்து தர விருப்பம் தெரிவித்துக் கடிதம் எழுத வேண்டும். ‘ஐ வான்ட் டு க்ரோ அப் மை பிசினஸ்’ என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார். வியாபாரத்த வளக்கணும்.

அப்பை எடுத்துவிட்டால் வாக்கியம் நிற்கும் என்றேன். ‘க்ரோ மை பிசினஸ்.’ நான் படித்த காலத்தில் இதையும் தவறு என்று சிவப்புக் கோடு போட்டார்கள். செடியைத்தான் க்ரோ பண்ணலாம், கடையை முடியாது என்பார்கள். 1992 தேர்தலில் கிளின்டன் பொருளாதாரத்தை க்ரோ செய்வேன் என்று பேசிப் பேசி அந்த வழக்கு பரவியது, இன்றைக்கு வங்கி விளம்பரம் முழுக்க அதுதான். எக்ஸ்பேண்ட் என்றும் எழுதலாம், கிளை திறக்கிற எண்ணம் இருந்தால். பில்ட் அப் என்றும் எழுதலாம், ஏற்கெனவே ஒரு அடித்தளம் இருந்தால்.

அக்கா பில்ட் அப்பை எடுத்துக்கொண்டார். “அம்மா அஞ்சடி நடைபாதையில ஒரு மேச போட்டு ஆரம்பிச்ச கடை. அடித்தளம் அவங்க போட்டது” என்றார். அம்மாவைப் பற்றியும் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டார். சேர்த்தோம். ஹோட்டலில் இருந்து விலைப்பட்டியல் கேட்டுப் பதில் வந்தது. அதற்கு என்ன எழுதுவது என்று கேட்டு, முழச் சரத்துக்கும் கல்யாண மாலைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்ட நோட்டோடு அடுத்த வகுப்புக்கு வந்துவிட்டார்.